பதினெட்டாம் நாள்

பாலக்கரையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு மினி லாரி வந்து ஓரங்கட்டியது. பின்கதவை இறக்கி, கொடித்துணியைச் சுற்றி, இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டியதும் மேடை தயார். விருத்தாசலத்தில் கண்டன ஆர்ப்பாட்டம் என்றால் பெரும்பாலும் இந்த இடம்தான். எதிரே டீக்கடை பெஞ்சில் எனக்கு ஓர் ஓரம் கிடைத்தது. கடலூர் பஸ்ஸும் சேலம் பஸ்ஸும் கூட்டத்தைத் தாண்ட முடியாமல் ஊர்ந்தன. கண்டக்டர்கள் படியில் தொங்கியபடி என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

விஷயம், ஒரு தெருவுக்குச் சாலை. ஜல்லி கொட்டி மாதக்கணக்காகிவிட்டது, தார் வந்தபாடில்லை. பிள்ளைகள் சைக்கிளோடு விழுகிறார்கள். நியாயமான கோரிக்கைதான். பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு மனுவை நீட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மைக்கைப் பிடித்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சலவை வேட்டி, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஜல்லியைப் பற்றி ஒரு நிமிடம் அழகாகப் பேசினார். எந்த வீட்டு வாசலில் பள்ளம், எந்த மழையில் யார் விழுந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பிறகு குரல் ஏறியது. இது முதற்கட்டப் போர் என்றார். எங்கள் படை புறப்பட்டால் எதிரிகளின் கூடாரம் காலியாகும் என்றார். களம், சமர், வேங்கை, சிறுத்தை, சிங்கம், கடைசிச் சொட்டு ரத்தம் என்று வரிசையாக வந்தன. ஜல்லி எங்கோ போய்விட்டது. தார் வருமா வராதா என்பதும் போய்விட்டது. ஓரமாக நின்ற போலீஸ்காரர் ஒருவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். ரத்தம் வந்த இடத்தில் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஆறரைக்கு முடிந்தது. பேசியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக டீக்கடைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர், சற்று முன் வறுபட்ட எதிர்க்கட்சியின் வட்டாரப் பிரமுகர். கூட்டம் முழுவதையும் பெஞ்சிலிருந்தே கேட்டவர்.

"என்ன மாமா, எங்களயெல்லாம் இன்னிக்கி உண்டு இல்லன்னு ஆக்கிட்டிய?"

"மைக்க புடிச்சா அப்டித்தான்டா மாப்ள வருது. நான் என்ன பண்ணட்டும்? மாஸ்டர், இவனுக்கும் ஒண்ணு சக்கர கம்மியா."

இருவரும் சிரித்தார்கள். யார் வீட்டுக் காதுகுத்துக்கோ எந்தத் தேதியில் போவது என்ற பேச்சு தொடங்கியது. கூட்டத்தில் முன்வரிசையில் நின்று நரம்பு புடைக்கக் கத்திய பையன் ஒருவன் மட்டும் லாரிப் பக்கமே நின்றான். பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். குழாயை அவிழ்த்துக்கொண்டே டீக்கடையைப் பார்த்தான். தன் தலைவர் எதிரியோடு சேர்ந்து டீ ஊதிக் குடிப்பதை அவன் முகம் ஏற்கவில்லை. பேசியவர் டீக் கிளாசை உயர்த்தி, "வாடா தம்பி, குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிட்டார். அவன் வரவில்லை.

இந்த மேடைத் தமிழ் வானத்திலிருந்து விழுந்ததில்லை. நூறு வருஷமாகத் தலைவர்கள் சேர்த்துவைத்த சொத்து. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, அகிம்சைக்காரர்களே அதைப் போர் என்றுதான் சொன்னார்கள். நாமக்கல் கவிஞர் அந்தப் படைக்கு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்தார். 1945-இல் பெரியாரின் இயக்கம் கருஞ்சட்டைப் படை கண்டது. அந்தக் காலத்தில் அண்ணாவைத் தளபதி என்றார்கள். பிறகு அந்தப் பட்டம் ஸ்டாலினுக்கு வந்தது, சினிமாவில் விஜய்க்கும் வந்தது. 1953-இல் தி.மு.க. நடத்தியது மும்முனைப் போராட்டம். இந்தி எதிர்ப்பில் உயிர்விட்டவர்கள் மொழிப்போர் தியாகிகள். வைகோ போர்வாள். கட்சிக்குக் கட்சி இளைஞர் அணி, மகளிர் அணி, அ.தி.மு.க.வில் பாசறையும் உண்டு. இப்போது புதிதாக வார் ரூம். ஏ.சி. போட்ட அறையில் நாலு லேப்டாப் இருந்தால் அதுவே வார் ரூம்.

சொல்லோடு போயிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். விருத்தாசலத்திலிருந்து கிழக்கே போனால் சிதம்பரம். 1965 ஜனவரி 27 அன்று அங்கே போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் செத்துப்போனார். மொழிப்போர் என்ற சொல்லில் போர் அன்று உவமை இல்லை. 1987 செப்டம்பரில் இந்தப் பழைய தென்னாற்காடு மாவட்டச் சாலைகளில் ஒரு வாரம் வன்னியர் சங்கத்தின் சாலை மறியல் நடந்தது. அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். சாலை ஓரப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்த அந்த வாரத்தைப் பார்த்த கிழவர்கள் இன்றும் டீக்கடைகளில் உண்டு. மேடையில் ரத்தம் என்ற சொல் வரும்போது அவர்கள் முகத்தில் ஒரு மாற்றம் வருவதைக் கவனித்திருக்கிறேன். டீக் கிளாசைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

பாலக்கரையில் நின்று கோட்டையைப் பிடிப்போம் என்று முழங்குவதில் இன்னொரு வேடிக்கை. கொஞ்ச தூரத்திலேயே நிஜமாகக் கோட்டையாக இருந்த மதில் நிற்கிறது. பழமலைநாதர் என்கிற விருத்தகிரீசுவரர் கோயில் மதில். கர்நாடகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரர்கள் இந்தக் கோயிலைக் கோட்டையாகப் பயன்படுத்தினார்கள். 1751-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களான பிகட்டும் ராபர்ட் கிளைவும் இங்கே வந்துவிட்டுத் திரும்பும் வழியில் பாளையக்காரரின் ஆட்கள் மறித்துச் சுட்டார்கள். கூட வந்த சிப்பாய்கள் பலர் செத்தார்கள். இவர்கள் இருவரும் குதிரை வேகத்தால் தப்பித்தார்கள். அந்தக் குதிரைகள் கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தால் இந்திய வரலாறு வேறு பக்கம் திரும்பியிருக்கும் என்று பேசிக்கொள்ளலாம். பேசுவதற்குச் செலவில்லை. இப்போது அந்த மதில் நிழலில் ஆடு படுத்திருக்கிறது. மாசி மகத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும்போது மட்டும் ஒரு முற்றுகை.

செய்தித்தாள் கணக்கில் இந்தத் தொகுதியும் ஒருகாலத்தில் பா.ம.க.வின் கோட்டைதான். 2006 தேர்தலில் அந்தக் கோட்டை உடைந்தது என்றார்கள். 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்கிய விஜயகாந்த், மாநிலம் முழுக்க வேட்பாளர்களை நிறுத்தி, ஒரே ஓர் இடத்தில் வென்றார். அது இந்த ஊர். பா.ம.க. வேட்பாளரை 13,000 ஓட்டுக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஊரே அவரை கேப்டன் என்றது. அந்தப் பட்டம் 1991-இல் வந்த 'கேப்டன் பிரபாகரன்' படத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. படத்தில் அவர் ராணுவத்தில் இல்லை, வனத்துறை அதிகாரி. யாருக்கு அதெல்லாம் வேண்டும்? கேப்டன் என்றால் கேப்டன். 2011-இலும் அவர் கட்சியே வென்றது. 2016-இல் அ.தி.மு.க., 2021-இல் காங்கிரஸ். அந்த 2021-இல் விஜயகாந்தின் மனைவி பிரேமலதா இங்கே நின்றார், வெல்லவில்லை. கோட்டை என்று பெயர் வாங்கிய இடத்துக்குக் கதவே கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம் போகலாம் என்பதை வாக்காளர்கள் நாலு தேர்தலில் காட்டிவிட்டார்கள்.

கேப்டன் கட்சியின் சின்னம் கொட்டும் முரசு. முரசு என்றதும் எனக்குப் புறநானூற்றுக் கதை நினைவுக்கு வரும். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் போர்முரசு நீராடப் போயிருந்த நேரம். மோசிகீரனார் என்ற புலவர் களைப்பில், அது என்ன கட்டில் என்று தெரியாமல், முரசு கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அந்தத் தப்புக்குத் தண்டனை தலையை வெட்டுவது. வந்து பார்த்த அரசன் வாளை எடுக்கவில்லை, விசிறியை எடுத்து வீசினான். நம் மேடைகளில் இதைச் சொல்லாத பேச்சாளர் கிடையாது. சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் எதிரிகளின் தலை உருளும் என்று போய்விடுகிறார்கள்.

ரஜினிகாந்த் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2017 மே மாதம் ரசிகர்களைக் கூட்டி, போர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், தயாராக இருங்கள் என்று சொன்னார். மூன்றரை வருஷம் எல்லாரும் தயாராக இருந்தார்கள். 2020 டிசம்பர் 29 அன்று உடல்நிலையைக் காரணம் காட்டி, கட்சி தொடங்கவில்லை என்று அறிவித்தார். கிண்டல் செய்தவர்கள் நிறைய. என்னைக் கேட்டால், போர் என்று பேசிவிட்டு அது வேண்டாம் என்று வெளியே சொன்ன ஒரே ஆள் அவர். அந்த அறிவிப்புக்குப் பிறகு அவரைப் பின்வாங்கியவர் என்றுதான் எழுதினார்கள். போர்ப் பேச்சில் ஒருவர் மனம் மாறுவதற்குக் கிடைக்கும் பெயர் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் போனேன். விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்று சொல்வதே இந்தப் பட்டறைகளை வைத்துத்தான். பொம்மை, அகல், ஜாடி, கரண்ட் பெட்டிக்குள் மாட்டும் வெள்ளைப் பீஸ் கட்டை என்று பலதும் இங்கே செய்வார்கள். பீங்கான் தொழில்நுட்பம் படிப்பதற்கென்றே ஒரு பயிலகமும் ஊரில் உண்டு. ஒரு கொட்டகையில் நாலைந்து பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகள் பலகைகளில் வரிசையாகக் காய்ந்தன. யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை. வாங்க வந்த வியாபாரி என்று நினைத்திருக்கலாம்.

பட்டறைக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "சைனாக்காரன் அடிச்சிட்டான் சார். எம்.சி.பி. வந்து பீஸ் கட்டைய கொன்னுடுச்சி. குஜராத்காரன் ஒரு பக்கம் வெலையில ஒதைக்கிறான். நாம எங்க தாக்குப் புடிக்கிறது?"

அடி, கொலை, உதை. ஒரே மூச்சில் மூன்று. தொழில் நொடித்தவரின் வலி அது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பீஸ் கட்டையை யாரும் கொல்லவில்லை. கம்பி உருகி, கரண்ட் போய், இருட்டில் ஸ்டூல் போட்டு ஏறி, புதுக்கம்பி சுற்றி மாட்டும் வேலை இனி வேண்டாம் என்று வீடுகள் முடிவு செய்தன. தானாகக் கீழே விழும் சுவிட்சை மேலே தள்ளினால் போதும் என்றால் யார்தான் கம்பி சுற்றுவார்கள்? எதிரி என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அவனைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். பிசிறு சுரண்டிய பெண்களில் மூத்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "நாம யார்கிட்ட சண்டைக்கிப் போறது? வேற அச்சு போட்டாத்தான் ஆவும்னு ரெண்டு வருசமா சொல்றன். எங்க கேக்குறாரு."

இந்த ஊர்ச் சரக்கு தமிழுக்கு ஒரு வசவைக் கொடுத்திருக்கிறது. யாரையாவது தோற்கடித்தால் பீசைப் புடுங்கிட்டான் என்கிறோம். கரண்ட் பில் கட்டாத வீட்டில் மின்வாரிய ஆள் வந்து கட்டையைக் கழற்றிக்கொண்டு போவதுதான் இதன் மூலம். ரத்தம் இல்லை, தலை உருளவில்லை. பணத்தைக் கட்டினால் மாலையே திரும்ப மாட்டிவிடுவார்கள். அரசியல் மேடைக்கு இது போதாதா? போதவில்லை. மணக்கொல்லைக்காரரான எழுத்தாளர் கண்மணி குணசேகரன் இந்த வட்டாரப் பேச்சுக்கு நடுநாட்டுச் சொல்லகராதி என்று ஒரு நூலே தொகுத்துத் தந்திருக்கிறார். முந்திரிக் காட்டுக்கும் மானாவாரி நிலத்துக்கும் சொந்தமான அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட நேற்றைய மினி லாரியில் ஏறவில்லை.

வீட்டுப் பேச்சில் போர் இல்லையா என்றால் நிறைய உண்டு. டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் பக்கத்தவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "காலங்காத்தால பாரதப் போர் நடத்தித்தான் புள்ளைய பள்ளிக்கோடத்துக்கு அனுப்புறன்." இன்னொருத்தி, "எங்க மாமியாளுக்கும் எனக்கும் டெய்லி குருசேத்திரம்" என்றாள். அதே மாமியாருக்குத்தான் மடியில் மருந்துப் பை வைத்திருந்தாள். இவர்கள் பாரதம் என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் படித்து, இரவில் கூத்து கட்டி, கடைசியில் பதினெட்டாம் போர் ஆடுவார்கள். விடிந்ததும் படுகளம். ஊர் மைதானத்தில் களிமண்ணைக் குழைத்துத் துரியோதனனை ஆள் உயரத்துக்குப் பல மடங்காய் மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தலை முடிவாள், சாயங்காலம் தீமிதி. சில ஊர்களில் துரியோதனன் மேலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப்போய் வீட்டில் வைப்பார்கள், விளைச்சல் பெருகும் என்று. அடுத்த மழையில் மிச்சம் கரைந்து மைதானத்தோடு மைதானமாகிவிடும். அந்த மைதானத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

எதிரி செத்த மண்ணை நெல் குதிரில் போடும் ஊரில், போர் என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அந்தப் போருக்குப் பதினெட்டாம் நாள் இருக்கிறது. பாலக்கரைப் போருக்கு அது இல்லை. தேர்தல் முடிந்தாலும் களம் முடிவதில்லை. அடுத்த தேர்தலுக்கான போர் இன்றே தொடங்குகிறது என்று வெற்றி விழாவிலேயே பேசுகிறார்கள். லாரிப் பக்கம் நின்ற அந்தப் பையனுக்கு எப்போது டீ குடிக்க வரலாம் என்று யாரும் தேதி சொல்லவில்லை.

2020 மார்ச்சில் பிரதமர் மோடி வாராணசி மக்களிடம் பேசும்போது, மகாபாரதப் போர் 18 நாளில் வெல்லப்பட்டது, கொரோனாவுடனான இந்தப் போருக்கு 21 நாள் என்றார். நாட்கள் நீண்டுகொண்டே போயின. மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியவர்கள் லாரிகளில் ஏறிக் கடலூர் மாவட்டத்து ஊர்களுக்குத் திரும்பினார்கள். தொற்று எண்ணிக்கை திடீரென்று ஏறியது. ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப்போட்டு நின்றவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். கிருமியைப் பற்றிப் பேசவில்லை, ஆளைப் பற்றிப் பேசினார்கள். உள்ளே விட்டுடாதீங்க, புடிச்சிக் குடுங்க. போர் என்று சொல்லிவிட்டால் எதிரிக்கு முகம் வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு மூட்டை தூக்கி வந்தவன் முகம் கிடைத்தது. அப்புறம் யாருக்குப் போன் போட்டாலும், நாம் போராட வேண்டியது நோயோடுதான், நோயாளியோடு இல்லை என்று ஒரு குரல் வந்தது. அரசாங்கமே காலர் டியூனில் திருத்தம் போட வேண்டியதாயிற்று.

டி.வி. விவாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நிகழ்ச்சிக்கு ஆயுத எழுத்து என்றே பெயர். ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் நாலு பேர் ஒரே நேரத்தில் வாயசைப்பது தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் மணவாளநல்லூர் போனேன். ஊரிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர். கொளஞ்சியப்பர் கோயில். இங்கே குறை உள்ளவர்கள் சாமியிடம் பிராது கொடுப்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றியவன், வரப்பை நகர்த்தியவன், ஆட்டைத் திருடியவன் என்று யார் மேலும் கொடுக்கலாம். பேர் ஊர் விவரத்தோடு தாளில் மனுவாக எழுதி, பூசை வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டுப் போய்விட வேண்டும். காரியம் முடிந்தால் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். எதிராளியை அடிக்கவோ வெட்டவோ கிளம்பும் முன்பு தாளும் பேனாவும் எடுக்கவைக்கிற சாமி. பகை குறையவில்லை, எழுதியிருப்பதைப் பார்த்தால் காட்டம் கொஞ்சமில்லை. ஆனால் வழக்கு என்று ஆகிவிட்டதால் அதற்குத் தேதி உண்டு, முடிவு உண்டு. வாபஸ் வாங்குகிறவனை இங்கே யாரும் கோழை என்பதில்லை, தேங்காய் பழத்தோடு வரச் சொல்கிறார்கள்.

கட்டித் தொங்கிய தாள்கள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. ஒரு கிழவி, எழுதிக் கொடுப்பவரிடம், "அவன் வாய் கோணிப்போவணும்னு சேத்து எழுது தம்பி" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் எழுதக்கூடாது ஆயா. என்னா நடந்துச்சி, என்னா வேணும், அத மட்டும் சொல்லு."

"பதினஞ்சாயிரம் வேணும்."

"அப்ப அத எழுதுறன்."

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் வாபஸுக்கு வந்தவர். பக்கத்திலிருந்தவர் அவரைக் கேட்டார்: "என்னா பங்காளி, செயிச்சிட்டியா?"

"செயிச்சது என்னா செயிச்சது. வரப்ப ரெண்டு மொழம் அந்தாண்ட வச்சிக் குடுத்துட்டான். தோ, செருப்பு போடுற எடத்துல நிக்கிறான் பாரு, அவன்தான். அவன் வண்டியிலதான் வந்தன்."

செருப்புப் பக்கம் நின்றவர் கையைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்: "சீக்கிரம் வாடா, பெட்ரோல் நீதான் போடணும், வர்றப்பயே சொல்லிட்டன்!"